அத்தையின் படர்மஞ்சள்

உலகத்தில் தோட்டம் போட்டவர்கள் என்று பார்த்தால் மூன்றே பேர்தான். முதலாமவர் ஆதியில் ஒரு தோட்டம் போட்டார். அதில் பாம்பு புகுந்து, குடியிருந்தவர்களைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. இரண்டாமவர் ஒரு ராஜா. பெண்டாட்டிக்காக மாடிக்கு மேல் மாடி வைத்துத் தொங்குகிற தோட்டம் போட்டார். அது எங்கே இருந்தது என்றே இப்போது யாருக்கும் தெரியாது. மூன்றாமவர் அத்தை. அவள் போட்ட தோட்டத்துக்குப் பாம்பு வந்தால் லாரியில் அடிபட்டுச் செத்துவிடும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் ஊரில் கிடையாது. தினமும் காலையில் அதன் பக்கத்தில் மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். நீளத்தில் முதல் இரண்டு பேரும் அத்தைக்குக் கிட்டேயே வர முடியாது. அகலத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பெரிய சாலையின் நடுவே, போகிற வண்டியும் வருகிற வண்டியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு திட்டு கட்டியிருப்பார்களே, அதற்கு ஆபீசில் மீடியன் என்று பெயர். அதில் எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் வளரலாம், எப்போது பூக்கலாம் என்று முடிவு செய்கிறவள் அத்தை. படித்துப் பட்டம் வாங்கித்தான் இந்த வேலைக்கு வந்தாள். ஆபீசில் அவளுக்கு 'நடுரோட்டம்மா' என்று பெயர். அவளுடைய அண்ணன், விருந்தாளி யார் வந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என் தங்கச்சிய படிக்க வச்சேன், கட்டிக் குடுத்தேன், கடைசில நடுரோட்டுல நிக்கிறா" என்பார். விருந்தாளி பதறிப்போய் ஆறுதல் சொல்லும்வரை விட்டுவிட்டு, பிறகு மெதுவாக, "சம்பளம் குடுத்து நிக்க வச்சிருக்காங்க" என்பார்.

ஆபீசில் அவள் அறை, லிஃப்டுக்கும் உடைந்த தெருவிளக்குகள் போட்டுவைக்கிற அறைக்கும் நடுவில் இருந்தது. அங்கேயும் நடுவில்தான். சாலை நீளமாக இருப்பதால் அதன் வரைபடமும் நீளம். எந்த மேஜையும் அதற்குப் போதாது. அதனால் அத்தை வரைபடச் சுருளை நடைபாதையில் உருட்டிவிட்டு, ஓரங்களில் பழைய பல்புகளைப் பாரம் வைத்து, மண்டியிட்டு வரைவாள். ஆபீஸ்காரர்கள் அதைத் தாண்டித்தான் டீ மெஷினுக்குப் போக வேண்டும். தாண்டுவதற்கென்று அவள் ஓரிடத்தில் இடைவெளி விட்டிருப்பாள். யாரும் அங்கே வந்து தாண்டுவதில்லை. டீ மெஷினுக்கு நேரே எது குறுக்குவழியோ அங்கே ஒரே எட்டு. சில நாள் வரைபடத்தின் மேல் செருப்புத் தடம் கூட இருக்கும்.

"மனுஷன் எங்க குறுக்க பாய்வான்னு தெரிஞ்சிக்க ரோட்டுக்குப் போக வேண்டியதே இல்ல" என்பாள் அத்தை. "ஒரு டீ மெஷின் போதும்."

அவளுக்குச் சில சட்டங்கள் உண்டு. வண்டி திரும்புகிற இடைவெளிக்கு அருகே முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. சின்ன வண்டிக்காரனுக்கு எதிரே வருவது தெரிய வேண்டும். நடுப்பகுதியில் மார்பளவு அரளி அடர்த்தியாக நிற்க வேண்டும். எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்கும். வேகமாகப் போகிறவனுக்குப் பூ தெரியாது, நிறம்தான் தெரியும். அதனால் ஒரு நிறத்தைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்கு மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: சாலை நடுவே காய்க்கிற செடி கூடாது. காய் என்று ஒன்று இருந்தால் அதைப் பறிக்க ஒருவன் வருவான். வந்தவனை வண்டி அடிக்கும். இந்தச் சட்டத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். அறைச் சுவரில் அது தொங்கியது.

வீட்டிலும் அதே சட்டங்கள்தான். வாசற்கதவை ஒட்டி முழங்காலுக்கு மேல் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. குடை ஸ்டாண்டைக் கூட ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கிவிட்டாள். மாமா சாப்பிட்டுவிட்டு எழுந்தால், "இந்த வீட்ல எந்த இடத்துல நான் திரும்பலாம், சொல்லிடும்மா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். அத்தையின் சாலைதான் அவருடைய தடம். ஒரு புருஷன் ஒரு பெண்டாட்டியின் வேலையை அவரளவுக்குப் பார்த்திருக்க முடியாது. நாள் முழுக்க மேலும் கீழுமாக அதைப் பார்ப்பதற்கே அவருக்குச் சம்பளம். எங்கே அரளி உயரம் தூக்கிவிட்டது, எங்கே காகிதப்பூக் கிளை சாலைக்குள் நீண்டு பஸ் கண்ணாடியைத் தட்டுகிறது என்று சாயங்காலம் வந்து சொல்வார். அத்தையும் காலையில் அவர் பஸ்ஸிலேயே, முன் இருக்கையில் உட்கார்ந்து ஆபீஸ் போவாள். போகிற வேகத்தில் தோட்டம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது அவளுக்கு வேலை. அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது கண்டக்டரின் கொள்கை.

வீட்டில் ஓர் அண்ணன் மகளும் தங்கியிருந்தாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் பாதியில் பிரிந்துவிட்டார்கள். தையல் வகுப்புக்கு அதே பஸ்ஸில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து போவாள். மாமாவின் சாப்பாட்டு டப்பாவில் ரப்பர் பல்லி வைத்தது யார் என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மற்றபடி அவள் இந்தக் கதைக்கு முக்கியம் இல்லை.

மருந்துக்கடை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே நடுத்திட்டில் ஒரு பாத்தி. சாலையிலேயே நீளமான பாத்தி அதுதான். அதற்கென்று அத்தை வெள்ளையில் தொடங்கி ரோஜா நிறத்துக்கு மாறுகிற மாதிரி ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். குடிநீர்க் குழாய்க்காரர்கள் வந்து ஒரே நாளில் தோண்டிப் போட்டுவிட்டார்கள். மண்ணை மூடிவிட்டுத்தான் போனார்கள்; செடிகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். போகும்போது திட்டின் இரும்புக் கம்பி வேலியையும் வளைத்து, ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குச் சந்து விட்டுப் போனார்கள்.

அது போதாதா? ஊர் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் சாலையைக் கடந்தது. சற்றுத் தள்ளி சிக்னலும் நடைபாதைக் கோடும் இருந்தன. அவை டீ மெஷினுக்கு நேரே இல்லை, அவ்வளவுதான். அத்தை முள்செடி வைத்தாள், மிதித்தார்கள். கயிறு கட்டினாள், கயிறு காணாமல் போனது. 'குறுக்கே கடக்காதீர்' என்று ஒரு போர்டு நட்டாள். கடக்கிறவர்கள் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு அது வசதியாக இருந்தது. வளைந்த கம்பியை நிமிர்த்தித் தரச் சொல்லி வெல்டிங் பிரிவுக்கு எழுதினாள். அவர்கள் வருவதாகச் சொன்னார்கள். புதுச் செடி வாங்கப் பணம் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அதன் பிறகு காலையில் பஸ் மருந்துக்கடையை நெருங்கும்போதெல்லாம் அத்தை கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். பாத்தி தாண்டியதும் பை மூடிக்கொள்ளும். தேடினது கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாமா தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் விளம்பரக்காரர் வந்தார். வெள்ளை ஷூ போட்டவர். சாலை முழுவதையும் தன்னிடம் கொடுத்துவிட்டால், ஒரு பைசா வாங்காமல் நடுத்திட்டு நெடுகப் பிளாஸ்டிக் புல் விரித்து, ஃபைபர் மான்களை நிறுத்தித் தருவதாகச் சொன்னார். மானின் வயிற்றில் கம்பெனிகளின் பெயர் இருக்கும்.

"மான் தண்ணி கேக்காது மேடம்" என்றார் அத்தையிடம்.

"செடி கூட வாயத் தொறந்து கேக்காது சார்" என்றாள் அத்தை. "நாமதான் பாத்து ஊத்தணும்."

பெரிய சார் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். சாலைக்கெல்லாம் அவர்தான் தலைமை. மாதிரிக்கு ஒரு பாத்தியில் மான் வைத்துப் பார்க்க அனுமதி கொடுத்தார். அத்தையைக் கூப்பிட்டு, "மழைக்கு முன்னாடி நானே வந்து பாக்கறேன். அன்னைக்கும் அந்த மருந்துக்கடைப் பாத்தி மொட்டையா இருந்துச்சுன்னா, ரோட்ட அவர்கிட்ட குடுத்துட வேண்டியதுதான். எனக்கு வேற வழி தெரியல மேடம்" என்றார். அப்படிக் கொடுத்துவிட்டால் அத்தை கிடங்குப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. அதற்கு மூன்று கால்கள் நன்றாக இருந்தன.

பணம் கிடையாது, செடி கிடையாது, கம்பி நிமிரவில்லை. அத்தை கைப்பையைத் திறந்து திறந்து அதன் ஜிப் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை மாமா அந்த இடத்தில் வேகம் கூட்டவில்லை. மெதுவாகப் போனார். "ஏம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் பாரு" என்றார். அத்தை பைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். மொட்டைப் பாத்தியில் அங்கங்கே பச்சையாகப் பொட்டு வைத்த மாதிரி முளை விட்டிருந்தது.

யாரோ விதை ஊன்றியிருந்தார்கள். ஊன்றினவர் வேலை தெரிந்தவர் என்று சொல்ல முடியாது. கரண்டியால் குழி பறித்து, விதையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, குழாய்க்காரர்கள் விட்டுப்போன ஜல்லியைக் கூடப் பொறுக்காமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார். ஆனாலும் முளைத்துவிட்டது. சில விதைகளுக்கு அப்படியொரு நல்ல குணம்.

அத்தை அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்துவந்து, திட்டில் ஏறி, குனிந்து பார்த்தாள். தண்ணி லாரிக்காரர் அப்போதுதான் அரளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன மேடம் இது, புதுச் செடியா? நீங்க வச்சதா?"

"நான் வைக்கல. பூசணி."

"பூசணியா! காக்கா எதாவது போட்டிருக்கும் மேடம்."

"காக்கா வரிசையா போடாது."

பிடுங்கியிருக்க வேண்டும். காய்க்கிற செடி. அவளே எழுதிய சட்டம். கை கூட இலை வரை போனது. "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாள். "இன்னைக்கு கையுறை கொண்டு வரல." லாரிக்காரர் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

மறுநாளும் கையுறை மறந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஆபீசில் வேலை. பூசணிக்கு ஆபீஸ் கிடையாது. கொடி நாளுக்கு ஒரு முழமாக ஓடி, ஜல்லியை மூடி, செருப்புத் தடங்களை மூடி, 'குறுக்கே கடக்காதீர்' போர்டில் ஏறி அதையும் மூடியது. ஒரு காலையில் பாத்தி முழுவதும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் யாரோ மஞ்சள் துணியை உதறி விரித்த மாதிரி இருந்தது. பையைத் திறக்காமல் அத்தை அந்தச் சாலையில் போனது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானமே பெரிய சாரிடமிருந்து போன்.

"மேடம், மருந்துக்கடைகிட்ட மஞ்சளா பூத்திருக்கே, என்ன செடி? கார்ல போறப்ப பாத்தேன். பிரமாதம்!"

அத்தை அதுவரை ஆபீசில் பொய் சொன்னதில்லை. பழக்கம் இல்லாத வேலை என்பதால் தடுமாறிவிட்டாள். "அது... படர்மஞ்சள் சார்" என்றாள்.

"நல்ல பேரு. தண்ணி நிறைய கேக்குமா?"

"அவ்வளவா கேக்காது சார்."

"அப்ப ரோடு முழுக்க இதையே போட்டுடலாமே! அடுத்த மாசம் வந்து பாக்கறேன். விளம்பரக்காரரையும் கூட்டிட்டு வர்றேன்."

போனை வைத்துவிட்டு அத்தை சுவரில் தொங்கிய தன் சட்டத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் குழிக்கரண்டி சில வாரமாகவே எங்கோ காணாமல் போயிருந்ததால் அன்றும் டம்ளரால் பரிமாறினாள். விஷயத்தையும் சொன்னாள். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பூசணிய போய் படர்மஞ்சள்னு சொன்னியா? அடுத்த மாசம் காய் வந்து நின்னா என்ன சொல்லுவே?"

"முதல்ல ஆண் பூதாங்க பூக்கும். அது காய்க்காது. பின்னாடிதான் பெண் பூ வரும். அதுல பூவுக்குக் கீழ குட்டியா ஒரு உருண்டை இருக்கும். அத மட்டும் தினம் கிள்ளிட்டா போச்சு. வெறும் பூச்செடிதான்."

"ஊரே வந்து போற ரோட்டுல ஒரு பூசணிக்கொடிய மறைக்கப் போற." மாமாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அதுக்குன்னே ஒரு பேச்சு உண்டு தெரியுமா? முழு—"

"அதச் சொன்னீங்க, இன்னைக்கு சோறு கிடையாது."

மாமா வாயை மூடிக்கொண்டார். அண்ணன் மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எவன் விதை போட்டான்னே தெரியலையே" என்றார் மாமா. "பஸ் ஜன்னல் வழியா எவனாவது துப்பியிருப்பான்."

அந்த மாதம் முழுக்க அத்தை விடிந்ததும் ஒளிரும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு போய், தண்ணி லாரியின் மறைவில் நின்று பெண் பூவாகத் தேடித் தேடிக் கிள்ளினாள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் அவளைப் பார்ப்பார்கள். அவள் நிமிர்ந்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். கிள்ளியதைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பைக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்தது.

பெரிய சார் வருகிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மருந்துக்கடைக்கு எதிர்ல புதுசா ஆரஞ்சு விளக்கு எதாவது போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப அது காய்தான்."

அத்தை சமையலறையில் இருந்த பெரிய கத்தியை எடுத்து, துண்டில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மாமா பின்னாலேயே வந்தார். அண்ணன் மகளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் வந்தாள்.

காய் இருந்தது. சின்னக் காய் இல்லை. வளைந்த கம்பிகளின் சந்துக்குள், சிமெண்ட் விளிம்பின் மேல் உட்கார்ந்து, பிஞ்சாக இருந்தபோதே அங்கே இடம் பிடித்து, அப்படியே பருத்துவிட்டது. இப்போது இரண்டு பக்கக் கம்பியும் அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. ஒட்டுமொத்த நகரமும் ஒருக்களித்து நுழைந்த சந்தை ஒரு பூசணிக்காய் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் நாலைந்து பெரிய இலைகளை யாரோ பக்குவமாக இழுத்துவிட்டிருந்தார்கள். பஸ்ஸின் உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

அத்தை துண்டைப் பிரித்தாள். கத்தி வெளியே வந்ததும் எதிரே பஸ் ஸ்டாப்பில் சலசலப்பு எழுந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் சிக்னல் வரை ஓடி, கோட்டில் கடந்து, திட்டு ஓரமாகவே மூச்சு வாங்க வந்தாள்.

"மேடம், மேடம்! வெட்டாதீங்க!"

"இது என் வேலைம்மா."

"தெரியும் மேடம். தினம் வந்து பூவ கிள்ளிட்டுப் போறீங்களே, பாக்கறோமே. இது ஒண்ணையாவது விடுங்க. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் நாங்க இலைய இழுத்து விட்டோம்."

"நாங்கன்னா?"

அவள் பஸ் ஸ்டாப்பைக் காட்டினாள். அங்கே நின்ற அத்தனை பேரும் இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை.

"இவ்வளவு இருந்துச்சு மேடம்" என்று கட்டைவிரலைக் காட்டினாள் அந்தப் பெண். "தினம் வந்து பாப்போம். எங்க ஸ்டாப்புக்காரங்க ஒருத்தரு வெளியூரு போயிட்டு போன் பண்ணி கேக்கறாரு, எவ்வளவு வந்திருக்குன்னு."

அத்தை கத்தியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு திரும்பிச் சாலையைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "நீ ஏன் சிக்னல் வரைக்கும் போய் சுத்தி வந்தே?"

"பின்ன? கொடி மேல மிதிச்சிட்டா?"

மாமா அத்தையின் கையிலிருந்து கத்தியை வாங்கித் துண்டில் சுற்றினார். "நாளைக்கு என்னம்மா சொல்லப் போறே?" என்றார். அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிக்னலை நோக்கி நடந்தாள்.

மறுநாள் பெரிய சாரின் காரில் அத்தை முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் சாரும் விளம்பரக்காரரும். முதலில் மான் பாத்தி. கார் அங்கே போய்ச் சேரவே முடியவில்லை. வண்டிகள் தேங்கி நின்றன. மான் தண்ணீர் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜனங்கள் சாலையின் குறுக்கே ஓடிப் போய் அதன் மேல் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மானின் கழுத்தில் ஒரு குழந்தை, வாலில் அதன் அப்பா. இன்னொரு மானுக்கு ஒரு கொம்பு இல்லை.

"ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார்" என்றார் விளம்பரக்காரர்.

"அது தெரியுது" என்றார் பெரிய சார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மருந்துக்கடைக்கு வந்தபோது கார் நிற்காமல் போய்விட்டது. சார்தான், "நிறுத்துங்க, நிறுத்துங்க. இங்க எப்பவும் ஆளுங்க குறுக்க வந்து நிப்பாங்களே, எங்க காணோம்?" என்றார். இறங்கினார்கள். மஞ்சள் பூக்களுக்கு நடுவே, கம்பியைப் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு காய் உட்கார்ந்திருந்தது. இலைகளை அத்தை தானே காலையில் வந்து விலக்கிவிட்டிருந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இது படர்மஞ்சள் இல்ல. பூசணி."

பெரிய சார் காயைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா இருந்தா எனக்கே தெரியாதா மேடம்? தெரியாம சொல்லிட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்?"

"இந்த இடம் வந்தா நான் தினம் முகத்த திருப்பிக்குவேன் சார். இது முளைச்சதுக்கப்புறம் திருப்பிக்கல. அதான் பிடுங்க மனசு வரல. இங்க யாரும் இப்ப குறுக்க வர்றதில்ல. முள்ளு வச்சேன், போர்டு வச்சேன், கயிறு கட்டினேன். எதுக்கும் நிக்கல. காய் இருந்தா பறிக்க வருவாங்கன்னு சட்டம் எழுதினவ நான். ஒருத்தர் கூட கை வைக்கல. எல்லாரும் சிக்னலுக்குப் போய் சுத்திக்கிட்டு வர்றாங்க. ஏன்னு எனக்கு முழுசா புரியல. கிடங்குக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். ஆனா இந்தக் கொடி தானா காயற வரைக்கும் இருக்கட்டும்."

விளம்பரக்காரர், "ஃபைபர்லயே பூசணி பண்ணலாம் சார்" என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பெரிய சார் எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் அவரைப் பார்த்தது. "என்ன மேடம், எல்லாரும் என்னை இப்படி பாக்கறாங்க?" என்று குரலைத் தாழ்த்தினார்.

"காய எடுத்துடுவீங்களோன்னு பயம் சார்."

முடிவு இப்படி வந்தது. மான்கள் சிறுவர் பூங்காவுக்குப் போயின. அங்கே அவற்றின் மேல் ஏறுவதற்கு அனுமதி உண்டு. சாலை அத்தையிடமே இருந்தது. செடியின் பெயரைத் தவறாகச் சொன்னதற்கு அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. 'தவறுதான்' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினாள். காய் முற்றியதும் அது அரசாங்கத்துக்குச் சொந்தமா, பஸ் ஸ்டாப்புக்குச் சொந்தமா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில் காயை எடுக்கக் கம்பியை அறுக்க வேண்டும் என்பதால் வெல்டிங் பிரிவு வந்தது. அறுத்து, காயை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்து, கம்பியை நேராக்கி ஒட்டிவிட்டுப் போனது. குழாய்க்காரர்கள் வளைத்த நாளிலிருந்து அத்தை கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கொடி காய்ந்ததும் புதுச் செடிக்குப் பணமும் வந்தது. இப்போது அந்தப் பாத்தி வெள்ளையில் தொடங்கி ரோஜாவுக்கு மாறுகிறது. பஸ் ஸ்டாப்புக்காரர்கள் பரவாயில்லை என்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் அத்தைக்கு வாசித்துக் காட்டினாள். அத்தை கைப்பைக்குப் புது ஜிப் தைத்துக்கொண்டே கேட்டாள். தையல் வகுப்புக்குப் போகிறவள் சும்மா உட்கார்ந்திருக்க, போகாதவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"தோட்டம் போட்டவங்க மூணே பேருன்னு ஆரம்பிச்சியே, அது சுத்தப் பொய்."

"கொஞ்சம் தூக்கலா போயிடுச்சு அத்தை. எடுத்துடவா?"

"வேணாம், இருக்கட்டும்." நூலைப் பல்லால் கடித்தாள். "நான் பைய தொறந்து தேடறது, முகத்த திருப்பிக்கறதுக்காகன்னு பெரிய சார்கிட்ட நான் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே அத்தை உக்காந்திருந்தேன்."

அத்தை ஜிப்பை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள்.

"விதை எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. லாரிக்காரர் காக்கான்னாரு. மாமா ஜன்னல்னாரு. எல்லாம் சரியா எழுதியிருக்க."

"ஆமா அத்தை."

"கரண்டின்னு யாரு சொன்னா?"

அண்ணன் மகள் காகிதத்தைப் பார்த்தாள். காகிதத்தில் கரண்டி என்றுதான் இருந்தது.

உள் அறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எந்தக் கரண்டி?"

"ஒண்ணுமில்லங்க. செடிப் பேச்சு" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, குரலெழுப்பாமல், அண்ணன் மகளுக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள்.